நம்பியாறு முதல் சிற்றாறு வரை: நெல்லைச் சீமையின் மலையடிவாரத்தில் மூன்று நாள் பயணம்

திருநெல்வேலிக்காரர்களுக்கு மலை என்றால் மேற்குத் திசை. வானம் தெளிவாக இருக்கிற நாளில் வயல்வெளிக்கு அப்பால் நீலமாக நீண்டு கிடக்கும். அதைப் பார்த்ததும் வெளியூர் நண்பர்கள் கேட்கிற முதல் கேள்வி, "மேலே தங்க ரூம் கிடைக்குமா?" என்பதுதான். ஊட்டியையும் கொடைக்கானலையும் மனதில் வைத்துக் கேட்கிறார்கள். இங்கே மலைமேல் அப்படி ஒரு ஊர் கிடையாது. மலையின் பெரும்பகுதி களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். 1988இல் உருவானது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். யானையும் கரடியும் சிங்கவால் குரங்கும் இருக்கிற காடு. பயணிகள் தங்குகிற இடமெல்லாம் பெரும்பாலும் கீழேதான்.

ஆகவே நான் சொல்லும் வழி இது. மலையை ஏறிக் கடக்கும் பயணமாகத் திட்டம் போடாமல், அடிவாரச் சாலையில் தெற்கிலிருந்து வடக்கே ஆறு ஆறாகப் போகும் பயணமாகப் போடுங்கள். இந்த மலையிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு ஆற்றுக்கும் அடிவாரத்தில் ஓர் ஊர் இருக்கிறது. நம்பியாற்றுக்குத் திருக்குறுங்குடி, பச்சையாற்றுக்குக் களக்காடு, தாமிரபரணிக்குப் பாபநாசமும் அம்பாசமுத்திரமும், கடனாநதிக்குச் சிவசைலமும் ஆழ்வார்குறிச்சியும், ராமநதிக்குக் கடையம், சிற்றாற்றுக்குக் குற்றாலம். ஆறு இறங்குகிற இடத்தில் காட்டுக்குள் நடக்கலாம். ஆறு வயலுக்குப் போகிற இடத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். நெல்லையில் தொடங்கி நெல்லையில் முடியும் இந்தச் சுற்று ஏறக்குறைய முந்நூற்றைம்பது கிலோமீட்டர் வரும். மூன்று நாள் வேண்டும். இரண்டு நாளில் முடிக்கப் பார்த்தால் வண்டி ஓட்டியதுதான் மிச்சமாக இருக்கும்.

எந்த மாதம்

அருவிதான் முக்கியம் என்றால் ஆனி, ஆடி, ஆவணி. தென்மேற்குப் பருவமழை மலையைத் தாண்டி இந்தப் பக்கம் சாரலாக விழுகிற காலம் அது. தென்காசி, செங்கோட்டைப் பக்கம் வெயிலும் சாரலும் மாறி மாறி அடிக்கும். காற்று நிற்கவே நிற்காது. கூட்டமும் அப்போதுதான் அதிகம். சனி, ஞாயிறில் குற்றாலத்துக்குள் வண்டியை நுழைப்பதே பெரும்பாடு.

நடப்பதுதான் முக்கியம் என்றால் தை, மாசி. மழை ஓய்ந்திருக்கும், ஆற்றில் தண்ணீர் இருக்கும், அட்டைத் தொல்லை குறைவு, வயலும் பச்சையாக இருக்கும். எனக்குப் பிடித்த காலம் இதுதான்.

ஐப்பசி, கார்த்திகையில் வருவதென்றால் வானிலையைப் பார்த்துத்தான் வர வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் இந்த மலை வாங்குகிற மழையின் அளவை வெளியூர்க்காரர்கள் நம்பவே மாட்டார்கள். 1992 நவம்பரில் மாஞ்சோலைக்கு மேலே உள்ள காக்காச்சியில் ஒரே நாளில் 96 சென்டிமீட்டர் பெய்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி நெல்லை நகருக்குள் புகுந்ததைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். மலை எங்கேயும் போய்விடாது.

கிளம்புவதற்கு முன்

முதல் வேலை அனுமதி. மாஞ்சோலை, மலை நம்பி கோவில், செங்கல்தேரி, காரையாறு எல்லாமே வனத்துறைச் சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம் உள்ளவை. எந்த வண்டி போகலாம், எத்தனை வண்டி, எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் மழைக்கும் தீத்தடுப்புக் காலத்துக்கும் புலிகள் கணக்கெடுப்புக்கும் தகுந்தபடி மாறிக்கொண்டே இருக்கும். முந்தின நாளே அம்பாசமுத்திரத்திலும் களக்காட்டிலும் உள்ள வனத்துறை அலுவலகங்களில் கேட்டுவிடுங்கள். மாஞ்சோலைக்கு முன் அனுமதி இல்லாமல் மணிமுத்தாறு சாவடிக்குப் போய் நின்று கெஞ்சுவதில் பயனில்லை. ஆதார் அட்டை, வண்டிப் புத்தகம் இரண்டின் நகலும் கையில் இருக்கட்டும்.

இரண்டாவது வேலை அணை நிலவரம். நெல்லைப் பதிப்பு நாளிதழ் எதை எடுத்தாலும் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு என்று மூன்று எண்கள் இருக்கும். பாபநாசத்துக்கு முழு அளவு 143 அடி, சேர்வலாறுக்கு 156, மணிமுத்தாறுக்கு 118. விவசாயிகள் காலையில் காபியோடு பார்க்கிற எண்கள் இவை. பயணிக்கும் இதே எண்கள்தான் வழிகாட்டி. அணை நிறையும் நிலையில், மேலே மழையும் பெய்கிறது என்றால், எந்த நேரமும் தண்ணீர் திறப்பார்கள். அன்றைக்கு ஆற்றில் இறங்கக் கூடாது.

பையில் என்ன வைப்பது? நல்ல பிடிப்புள்ள செருப்போ ஷூவோ ஒன்று. மாற்றுத்துணி, துண்டு. பிளாஸ்டிக் பாட்டிலைச் சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள், ஆகவே எவர்சில்வர் பாட்டில். மழைக்காலமென்றால் அட்டைக்கு உப்பு. கல்லுப்பைச் சின்னத் துணியில் முடிந்து, தண்ணீரில் நனைத்து, கணுக்காலிலிருந்து முழங்கால் வரை தேய்த்துக்கொண்டு நடங்கள். ஏறிய அட்டையை இழுத்துப் பிய்க்காமல் அந்த முடிச்சால் ஒரு ஒற்று ஒற்றினால் தானாக உதிர்ந்துவிடும். அப்புறம், மணிமுத்தாறு தாண்டினால் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. போக வேண்டிய இடங்களை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

வண்டியில் ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, பிரேக் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மற்றபடி பெட்ரோலுக்கும் மெக்கானிக்குக்கும் களக்காடு, அம்பை (அம்பாசமுத்திரம்), தென்காசி மூன்றும் போதும்.

முதல் நாள்: நம்பியாறும் பச்சையாறும்

நெல்லையிலிருந்து விடிவதற்குள் கிளம்பினால் நாங்குநேரி வரை நாற்கரச் சாலை, அங்கிருந்து மேற்கே ஏர்வாடி வழியாகத் திருக்குறுங்குடி. நாங்குநேரியில் நிற்க நேரமிருந்தால் வானமாமலைப் பெருமாள் கோவிலில் அந்த எண்ணெய்க் கிணற்றைப் பாருங்கள். பெருமாளுக்குத் திருமஞ்சனம் செய்த எண்ணெயைக் காலம் காலமாக அதில்தான் சேர்க்கிறார்கள்.

திருக்குறுங்குடிக்கு ஒரு முழுக் காலைப் பொழுதைக் கொடுங்கள். ஊருக்குள் இருக்கும் நம்பி கோவில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. கோபுரத்திலும் மண்டபத் தூண்களிலும் உள்ள சிற்பங்களை அவசரமில்லாமல் பார்க்க வேண்டும். கார்த்திகை மாதம் கைசிக ஏகாதசி இரவில் இங்கே கைசிக நாடகம் நடக்கும். கைசிகப் பண்ணில் பாடும் பாணர் குலத்து பக்தர் நம்பாடுவான். மலையடிவாரத்தில் அவரை வழிமறித்துத் தின்ன நின்றது ஒரு பிரம்மராட்சசு. "பெருமாளைப் பாடிவிட்டு வந்து உனக்கு இரையாகிறேன்" என்று வாக்குக் கொடுத்துப் போன அவர், சொன்னபடியே திரும்பி வந்து நின்றார். தீண்டாமை கொடிகட்டிப் பறந்த காலத்தில், கோவிலுக்கு வெளியே நின்று பாடிய ஒருவரின் கதையை அந்தக் கோவிலே ஆண்டுதோறும் ஆடிக் காட்டுகிறது என்பதை நினைத்துக்கொண்டே அந்த மண்டபத்தில் நில்லுங்கள்.

ஊரிலிருந்து மேற்கே மலையடிவாரச் சாவடி. அங்கிருந்து மலை நம்பி கோவிலுக்கு ஏற்றம். ஜீப்பும் ஓடுகிறது; ஆனால் கால் நன்றாக இருப்பவர்கள் நடந்தே ஏறுங்கள். கல்லும் மண்ணுமான பாதை, கூடவே நம்பியாற்றின் சத்தம். கீழே முள்ளும் உடையுமாக இருக்கும் காடு ஏற ஏற அடர்ந்து நிழலாகிவிடும். கரிய மந்திகள் மரத்துக்கு மரம் தாவுவதைப் பார்க்கலாம். ஏறி, ஆற்றில் குளித்து, சாமி கும்பிட்டு, இறங்க அரை நாள் ஆகும். கூட்டமில்லாமல் நடக்க விரும்பினால் புரட்டாசிச் சனிக்கிழமைகளையும் தமிழ் மாதக் கடைசிச் சனிக்கிழமைகளையும் தவிர்த்துவிடுங்கள். கூட்டத்தோடு கூட்டமாகப் போவதுதான் பிடிக்கும் என்றால் அந்த நாட்கள்தான் சரி. யானை நடமாட்டம் இருப்பதால் தனியாகப் பிரிந்து நடக்க வேண்டாம். வனக்காவலர் திரும்பு என்றால் திரும்பிவிட வேண்டும்.

கட்டுச்சோறு கொண்டு போவது நல்லது. நெல்லைப் பக்கத்தில் பயணச் சோறு என்றால் புளியோதரையும் தேங்காய்த் துவையலும்தான். வாழையிலையை வாட்டி அதில் கட்டினால் மதியத்துக்கு வாசனை ஏறியிருக்கும். இலையைக்கூடக் காட்டில் போடாமல் கீழே கொண்டு வந்துவிடுங்கள். உப்பும் புளியும் ஒட்டிய இலையைத் தேடித்தான் குரங்கு பாதைக்கு வருகிறது.

இறங்கியதும் களக்காடு, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். இருபுறமும் வாழை. இந்தச் சாலையில் வேறு எதுவும் வாங்காவிட்டாலும் வாழைப்பழம் வாங்குங்கள். ஏத்தன், செந்துளுவன், மட்டி, ரசகதலி என்று தார் தாராகத் தொங்கும். மட்டி சின்னதாக, மெல்லிய தோலோடு இருக்கும். பிள்ளைகளுக்கு முதன்முதலில் ஊட்டுகிற பழம். செந்துளுவன் பழம் கையில் அமுக்கினால் லேசாகக் குழைய வேண்டும், அதற்கு முன் சாப்பிட்டால் ருசி தெரியாது.

களக்காட்டிலிருந்து சற்று மேற்கே தலையணை. பச்சையாற்றின் குறுக்கே சின்னத் தடுப்பு, வழிந்தோடும் தண்ணீர், பாறை, மர நிழல். வனத்துறைக் கட்டணம் கட்டிவிட்டுக் குளிக்கலாம். மலை நம்பி ஏறி இறங்கிய காலுக்கு இந்தத் தண்ணீர்தான் மருந்து. அதற்கு மேலே செங்கல்தேரி தனி அனுமதியோடு போகிற இடம். முதல் தடவை வருபவர்கள் அதைச் சேர்க்க வேண்டாம். ஒரு நாளில் இரண்டு ஏற்றம் உடம்புக்கு ஆகாது.

மாலையில் சேரன்மாதேவி சாலையைப் பிடியுங்கள். பொழுது இருந்தால் அங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் திரும்பிப் பத்தமடை போய் வரலாம். ஆற்றங்கரைக் கோரையை ஊறவைத்து, கிழித்து, நூல் போல மெலிதாக்கி நெய்கிற பாய். நல்ல பட்டுப்பாயைச் சுருட்டினால் கைக்குள் அடங்கும், துணி மாதிரி வழுக்கும். நெய்பவர்கள் பெரும்பாலும் இஸ்லாமியப் பெண்கள், வீட்டிலேயே தறி. விலையைக் குறைத்துக் கேட்கும் முன் ஒரு பாய்க்கு எத்தனை நாள் உட்கார வேண்டும் என்று கேளுங்கள். கேட்ட பிறகு பேரம் பேச மனம் வராது.

இரவு தங்க அம்பாசமுத்திரம் வசதி. மறுநாள் வேலை முழுக்க அங்கேதான்.

இரண்டாம் நாள்: மாஞ்சோலை அல்லது காரையாறு

இரண்டையும் ஒரே நாளில் அடைக்க வேண்டாம். அனுமதி கிடைத்தால் மாஞ்சோலை. கிடைக்காவிட்டால், அல்லது வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் கூட வந்தால், காரையாறு. நாலாவது நாள் கையில் இருந்தால் இரண்டும்.

காலைச் சாப்பாடு அம்பையில். பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஏழு மணிக்கு எந்தக் கடையில் உள்ளூர்க்காரர்கள் நின்றுகொண்டு சாப்பிடுகிறார்களோ அங்கே போங்கள். இட்லி, உளுந்த வடை, ரச வடை போதும். இந்த ஊர் நெல் ஆராய்ச்சி நிலையம் 1937 முதல் இருக்கிறது. தமிழ்நாடு முழுக்க இட்லிக்குப் போடுகிற அம்பை 16 அரிசி இங்கே பிறந்ததுதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கல்லிடைக்குறிச்சி. அங்கே அப்பளம் வாங்காமல் வந்தால் வீட்டில் கேட்பார்கள். உளுந்து மாவைப் பிரண்டைச் சாறு விட்டுப் பிசைந்து இடிக்கிற பழக்கம் இங்கே உண்டு. அப்பளத்தோடு வற்றல், வடகமும் கிடைக்கும். நேரமிருந்தால் குலசேகரமுடையார் கோவிலுக்கும் போங்கள். 1982இல் களவுபோன நடராஜர் ஆஸ்திரேலியாவரை போய், 2019இல் திரும்பி வந்த கோவில் அது.

மாஞ்சோலைக்குப் போகிறவர்கள் மணிமுத்தாறு அணை வழியாகச் சாவடிக்கு வர வேண்டும். முதலில் மணிமுத்தாறு அருவி. பிறகுதான் உண்மையான மலைச்சாலை. இருபது கிலோமீட்டர் என்று படித்துவிட்டு அரைமணியில் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். குறுகலான, அடிபட்ட சாலை, அடுத்தடுத்துக் கொண்டை ஊசி வளைவுகள். ஏறுகிற வண்டிக்கு வழி விடுவது மலைச்சாலை முறை. வளைவில் ஹாரன் அடித்துவிட்டு, பஸ் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டு ஏறுங்கள். இறங்கும்போது இரண்டாவது கியரை விட்டு மாறாதீர்கள்; பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பாதியில் கருகல் வாசனை வரும், அப்புறம் பிரேக் பிடிக்காது.

அணையருகே வெயில் கொளுத்தும். மாஞ்சோலை ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே போய் இறங்கும்போது குளிர் முகத்தில் அடிக்கும். அதற்கு மேல் காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. நாலுமுக்கும் ஊத்தும் தமிழ்நாட்டிலேயே அதிக மழை வாங்குகிற இடங்களில் சேர்ந்தவை. ஊத்துப் பக்கம் மதியத்துக்கு மேல் மேகம் தேயிலைக்குள்ளேயே இறங்கி வந்து நிற்கும். முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்ட வேண்டியிருக்கும். குதிரைவெட்டியிலிருந்து கீழே பார்த்தால் காரையாற்று நீர்த்தேக்கமும் சுற்றிலும் அடுக்கடுக்காகக் காடும். இந்தச் சீமையில் இதைவிடப் பெரிய காட்சியை நான் பார்த்ததில்லை. எந்த இடம்வரை வண்டியை விடுகிறார்களோ அதுவரை போங்கள், தாண்டிப் போக முயல வேண்டாம்.

மாஞ்சோலையைப் படம் எடுக்கிற இடமாக மட்டும் பார்த்துவிட்டு வரக் கூடாது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து, பாம்பே பர்மா நிறுவனம் காட்டைத் தேயிலைத் தோட்டமாக்கியது. குத்தகை 2028இல் முடிகிறது. கொழுந்து பறித்து அந்தச் சரிவுகளைப் பச்சையாக வைத்திருந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்த தொழிலாளர்கள். 1999 ஜூலை 23 அன்று, அவர்களுக்காக நெல்லையில் நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடியின்போது தாமிரபரணியில் 17 பேர் உயிர் போனது. 2024இல் விருப்ப ஓய்வு என்று சொல்லி வேலை முடிக்கப்பட்டது. குடும்பங்கள் மலையிறங்கத் தொடங்கின. இனி அந்த நிலம் காட்டுக்கே திரும்ப வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. அங்கே வாழ்ந்தவர்களுக்குக் கீழே ஒரு நிலமும் வீடும் வேண்டும் என்பதிலும் அதே அளவு நியாயம் இருக்கிறது. மேலே மிச்சமிருக்கும் யாரையாவது சந்தித்தால் இரண்டு வார்த்தை நின்று பேசுங்கள். பூட்டிக் கிடக்கும் லைன் வீடுகளுக்குள் நுழைந்து படம் எடுக்காதீர்கள்.

காரையாறு வழி இதைவிட எளிது. அம்பையிலிருந்து விக்கிரமசிங்கபுரம் வழியாகப் பாபநாசம். ஆற்றங்கரையில் பாபநாசநாதர் கோவில், தாமிரபரணிக் கரையின் ஒன்பது சிவன் கோவில்களான நவகைலாயத்தில் முதலாவது. படித்துறையில் குளிக்கலாம். பரிகாரம் என்று கட்டிய துணியை ஆற்றில் விடுகிற வழக்கம் ஒன்று வந்துவிட்டது. அதைச் செய்யாதீர்கள், செய்பவர்களிடமும் சொல்லுங்கள். அந்தத் துணி கீழே பாறையிலும் மதகிலும் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் மட்கிக் கிடக்கிறது. மூன்று மாவட்டங்கள் குடிக்கிற தண்ணீர் அது.

சாவடியைத் தாண்டினால் அகத்தியர் அருவி, ஆண்டு முழுக்கத் தண்ணீர் விழுகிற அருவி. அதற்கு மேலே கல்யாண தீர்த்தம். பார்க்க அமைதியாக இருக்கும், ஆனால் ஆழம். சேரன்மாதேவியில் குருகுலம் நடத்திய வ.வே.சு. ஐயர் 1925 ஜூனில் இந்தப் பாபநாசம் அருவியில்தான், தண்ணீரில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் உயிரை விட்டார். கம்பி போட்டிருக்கும் இடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு அடிகூட வைக்காதீர்கள்.

மேலே போகப் போக முண்டந்துறை, சேர்வலாறு பிரிவு, பிறகு சொரிமுத்து அய்யனார் கோவில். ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கில் கூடுகிற இடம், மற்ற நாட்களில் ஆற்றுச் சத்தம் மட்டும்தான் கேட்கும். அய்யனாரைச் சுற்றியுள்ள தெய்வங்களில் பட்டவராயன் சந்நிதியில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அங்கே காணிக்கை செருப்பு. புதிதாகத் தைத்த பெரிய தோல் செருப்புகளைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். பட்டவராயன்தான் கதையில் வரும் முத்துப்பட்டன். பிராமண குலத்தில் பிறந்த அவன் பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியர் வீட்டுச் சகோதரிகளை மணக்க, பூணூலை அறுத்துவிட்டுச் செருப்புத் தைத்தான். மாமனார் வீட்டு மாடுகளைக் காக்கப் போய் உயிரை விட்டான். வில்லுப்பாட்டில் இந்தக் கதை இன்றைக்கும் இந்தப் பக்கத்துக் கோவில் கொடை விழாக்களில் பாடப்படுகிறது. திருக்குறுங்குடி நம்பாடுவான் கதையையும் இந்தக் கதையையும் சேர்த்து நினைத்துப் பார்த்தால் இந்த மலையடிவாரத்து மக்களின் மனசு புரியும்.

கோவிலுக்குக் கீழே ஆறு அகலமாக, பாறை பாறையாகப் போகிறது. அங்கே கால் நனைத்துவிட்டுக் காரையாறு அணைவரை போய்த் திரும்பலாம். வழியில் காணிக்காரர்கள் என்ற பழங்குடி மக்களின் குடியிருப்புகள் உண்டு. அவர்கள் வீடுகளைக் காட்சிப் பொருளாகப் பார்க்காமல் கடந்து போங்கள். குரங்குக்கு எதுவும் கொடுக்காதீர்கள். இருட்டுவதற்குள் சாவடியை விட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

மூன்றாம் நாள்: கடையம், தோரணமலை, குற்றாலம்

அம்பையிலிருந்து தென்காசிச் சாலை ஆழ்வார்குறிச்சி, கடையம் வழியாகப் போகிறது. இடப்பக்கம் மலை கூடவே வரும். இந்த ஒரு துண்டுச் சாலைக்காகவே மெதுவாக ஓட்டலாம். ஆழ்வார்குறிச்சியிலிருந்து மேற்கே ஒதுங்கினால் கடனாநதிக் கரையில் சிவசைலம். கூட்டமில்லாத கோவில், மேற்குப் பார்த்த சந்நிதி, நேரே மலை.

கடையம் பாரதியின் மனைவி செல்லம்மாளின் ஊர். கடலூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்த பாரதி 1918 கடைசியில் இங்கே வந்து, இரண்டு ஆண்டுகள் இருந்தார். ஊருக்கு வெளியே, மலையைப் பார்த்தபடி நித்தியகல்யாணி அம்மன் கோவில். அவர் உலாவிய இடம் என்று ஊரார் காட்டுவார்கள்.

அடுத்தது தோரணமலை. வனத்துறை அனுமதிக்கு ஓட வேண்டாம், முழுக்கப் படிக்கட்டு, பிள்ளைகளோடும் ஏறலாம். ஏறக்குறைய ஆயிரம் படி. உச்சியில் குகைக்குள் முருகன், வழியெல்லாம் சுனைகள். அகத்தியரும் அவர் சீடர் தேரையரும் வைத்தியம் பார்த்த மலை என்பது நம்பிக்கை. அரசன் தலைக்குள் புகுந்த தேரையைத் தண்ணீர்ப் பாத்திரத்தைக் காட்டி வெளியே குதிக்க வைத்ததால் தேரையர் என்று பெயர் வந்தது என்பார்கள். காலை ஒன்பதுக்குள் ஏறி முடித்துவிடுங்கள், அதற்கு மேல் பாறை சூடாகிவிடும். மேலிருந்து பார்த்தால் குளம், வயல், தென்னை, மறுபடியும் குளம். மலையில் பெய்கிற மழை எங்கே போய்ச் சேர்கிறது என்பது அங்கே நின்றால் தெரியும்.

குற்றாலத்தில் வரிசை முக்கியம். முதலில் பழைய குற்றாலம், பிறகு ஐந்தருவி, கடைசியில் பேரருவி என்று வைத்துக்கொண்டால் சாலை ஒத்து வரும். சின்னப் பிள்ளைகளுக்குப் புலியருவி போதும். சீசனில் பேரருவிக்கு விடியற்காலையில் போவதுதான் சுகம். மேலே பொங்குமாங்கடல் என்கிற பள்ளத்தில் விழுந்து வேகம் தணிந்துதான் தண்ணீர் நம் தலைக்கு வருகிறது. அதனால்தான் அவ்வளவு உயரத்து அருவியின் கீழே நிற்க முடிகிறது. தண்ணீர் அருவியில் உள்ள பாதுகாப்பு வளைவை, அதாவது ஆர்ச்சை, தாண்டி விழுந்தால் குளிக்க விட மாட்டார்கள். "ஆர்ச்சைத் தாண்டிருச்சு" என்று கடைக்காரர்கள் சொன்னால் துண்டை மடித்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். சோப்பு, ஷாம்பு கூடாது.

தடை என்றால் தடைதான். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. கீழே வெயில் அடித்தாலும் மேலே மழை கொட்டியிருக்கும். தண்ணீர் நிறம் மாறினாலோ, இலை தழை சேர்ந்து வந்தாலோ, சத்தம் கனத்தாலோ யாரும் சொல்வதற்கு முன்பே வெளியே வந்துவிடுங்கள். செண்பகாதேவி அருவிக்கு மேலே நடப்பது வனத்துறை விடுகிற நாட்களில் மட்டும்.

குளித்தால் பசிக்கும். சீசனில் சாலையோரம் மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன், பலா. மங்குஸ்தானை அமுக்கிப் பாருங்கள், கல் மாதிரி இருந்தால் பழசு. ஆடி மாதமென்றால் சுந்தரபாண்டியபுரம் பக்கம் சூரியகாந்தி பூத்திருக்கும். வரப்பில் நின்று பாருங்கள், செடிக்குள் இறங்க வேண்டாம்.

செங்கோட்டை, பிரானூர், புளியரை

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். தேங்காயெண்ணெய் வாசனையிலும், கண்ணாடிப் பெட்டியில் இருக்கிற பழம்பொரியிலும், ஏத்தங்காய்ச் சிப்ஸிலும் அது இன்னும் தெரியும். பக்கத்திலேயே பிரானூர். மரம் அறுக்கும் மில்களும் லாரிகளும் நிற்கிற எல்லை ஊர். நாடு முழுக்கப் பேசப்படுகிற பார்டர் பரோட்டா இங்கேதான். ரஹ்மத் என்ற கடையின் பெயர் எல்லோருக்கும் தெரியும்.

சாப்பிடும் முறையைச் சொல்லிவிடுகிறேன். வாழையிலையில் பரோட்டா விழும்போதே இரண்டு கையாலும் பக்கவாட்டில் தட்டியிருப்பார்கள், அடுக்கு பிரிந்திருக்கும். அளவு சின்னது. சூடு தாங்குகிற அளவுக்குப் பிய்த்துப் போட்டு, சால்னாவை மேலே விடச் சொல்லுங்கள். தொட்டுக்கொள்கிற அளவு போதாது, ஊற வேண்டும். அடியில் உள்ள துண்டு ஊறி மெத்தென்று ஆகும்போது மேலே உள்ளது இன்னும் மொறுமொறுப்பாக இருக்கும். அந்த நேரத்தில் நாட்டுக்கோழி மிளகு வறுவல் ஒரு தட்டு. கருத்த மிளகும் கறிவேப்பிலையும் எலும்பில் ஒட்டியிருக்கும். காடை பிடித்தவர்கள் காடை. சைவக்காரர்கள் தென்காசியிலேயே மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வரலாம்.

வெளிச்சம் இருக்கும்போதே புளியரை போய் எஸ் வளைவில் ஏறிப் பாருங்கள். ஏறுகிற லாரிகள் வரிசையாக வரும், ஓரமாக இடம் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். ஒரு பக்கம் மலை இடைவெளி, மறுபக்கம் கட்டம் கட்டமாக நெல்வயல். இன்னும் அரை நாள் இருப்பவர்கள் வண்டியைச் செங்கோட்டை ஸ்டேஷனில் விட்டுவிட்டுப் புனலூர்வரை ரயிலில் போய் வாருங்கள். 1904இல் போட்ட பாதை, 2018இல் அகல ரயில்பாதை ஆனது. குகைகள், பள்ளத்தாக்குகள், கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலம். காரில் போனால் அந்தப் பாலத்தைக் கீழிருந்துதான் பார்க்க முடியும்.

திரும்பும் வழியில்

தென்காசியிலிருந்து பாவூர்சத்திரம், ஆலங்குளம் வழியாக நெல்லை ஐம்பத்தைந்து கிலோமீட்டர். மறுநாள் மதியம்வரை நெல்லையில் இருக்க முடிந்தால் சொதி தேடுங்கள். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற விருந்து. மூன்று தடவை பிழிந்த தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பும் காய்களும் வேக, முதல் பாலைக் கடைசியில் விட்டு இறக்கி, ஆறியதும் எலுமிச்சை பிழிவார்கள். கூட இஞ்சிப் பச்சடி கட்டாயம். அவ்வளவு தேங்காய்ப்பால் செரிக்க வேண்டாமா? எல்லா ஓட்டலிலும் தினமும் கிடைக்காது. டவுன், ஜங்ஷன் பக்கம் சைவ ஓட்டல்களில் எந்தக் கிழமை போடுகிறார்கள் என்று போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் அப்படித்தான். யார் வீட்டிலாவது அழைத்தால் மறுக்காதீர்கள்.

அல்வாவுக்கு நெல்லையப்பர் கோவில் எதிரே, சாயங்காலம். இருட்டுக்கடை மாலையில்தான் திறக்கும், வரிசையில் நிற்க வேண்டும். சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டியது. முதலில் நூறு கிராம் சுடச்சுட இலையில் வாங்கி அங்கேயே நின்று சாப்பிடுங்கள், மேலே கொஞ்சம் காரச்சேவு. ஊருக்குக் கொண்டு போவதைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் இறுகிவிடும்; வெளியே வைத்து, சாப்பிடும்போது லேசாகச் சூடு காட்டினால் போதும்.